பாலம்: விமானம் மாறுமிடம்

வடபுலத்தில் வாழும் நம்மவர்க்கு ஊர்ப் பயணம் என்பது வெறும் உல்லாசம் அன்று. திருமணம், காதுகுத்து, கோயில் கொடை, மூத்தோரின் நோய், இறப்பு என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். அந்த அழைப்புக்கு உரிய வேளையில் போய் நிற்பதுதான் உறவு. வேளை தவறிப் போய் நின்றால், போனதும் போகாததும் ஒன்றே.

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் டில்லியிலிருந்து சென்னைக்குச் சென்றவர்கள் இரண்டு இரவுகளை வண்டியிலேயே கழித்தார்கள். களைப்பு மிகுதிதான். ஆயினும் ஒரு வசதி இருந்தது. ஏறி அமர்ந்தபின் சென்னை வரும்வரை இடம் மாற வேண்டியதில்லை. படுக்கையை விரித்துவிட்டால் அந்த மூலை நம் வீட்டுத் திண்ணை போல ஆகிவிடும். இன்று டில்லியிலிருந்து சென்னை வரை ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர் வான்வழியை மூன்று மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறோம். டில்லிவாசிக்கு இதில் தொல்லை குறைவு. ஜம்முவிலும், ஸ்ரீநகரிலும், லேயிலும், டேராடூனிலும், அமிர்தசரஸிலும் பணிபுரியும் நம்மவர்க்கோ பயணம் இரண்டு துண்டாகிறது. முதல் விமானத்தில் டில்லி. அங்கிருந்து வேறொரு விமானத்தில் தெற்கு. தூத்துக்குடி போன்ற ஊர்களுக்குச் செல்வோர் சென்னையிலும் ஒரு முறை மாற நேரிடும். வானத்தில் பறக்கும் நேரத்தைவிட, தரையில் மாறும் நேரமே இவர்களுக்குப் பெரும் சோதனை.

அந்தச் சோதனை பெரும்பாலும் நிகழுமிடம் டில்லியின் இந்திரா காந்தி பன்னாட்டு விமான நிலையம். அந்த இடத்தைப் பற்றியும், அங்கே இடர்ப்படாமல் மாறும் வழியைப் பற்றியும் இங்கே சில செய்திகளைச் சொல்லலாம்.

பெயரும் வரலாறும்

இந்நிலையம் அமைந்த பகுதிக்குப் பாலம் என்று பெயர். அது அங்கிருந்த ஒரு சிற்றூரின் பெயர். தமிழ்ச் செவிக்கு அது வேறொரு பொருளைத் தருகிறது. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடத்துவது பாலம். வடக்கேயிருந்து வரும் தமிழரைத் தெற்கே கடத்திவிடும் இடத்துக்கு இப்பெயர் வாய்த்தது தற்செயலே ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

டில்லியின் முதல் விமானத் தளம் இதுவன்று. சப்தர்ஜங் சமாதிக்கு அருகில், வில்லிங்டன் பெயரால் 1929இல் தொடங்கிய தளமே முற்பட்டது. பாலம் தளம் இரண்டாம் உலகப் போரின்போது எழுந்தது. போருக்குப் பின் விமானங்கள் பெரியனவாயின; சப்தர்ஜங்கில் இடம் போதவில்லை. 1962இல் பயணிகள் போக்குவரத்து பாலத்துக்கு மாறியது. 1986இல் புதிய பன்னாட்டு முனையம் திறக்கப்பட்டு, இன்றைய பெயரும் சூட்டப்பட்டது. காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த 2010ஆம் ஆண்டில், ஜூலை மாதம், மூன்றாம் முனையம் திறக்கப்பட்டது. விமானத்தின் வாயிலோடு பொருந்தும் ஏரோபிரிட்ஜ்கள் மட்டும் அங்கே 78 அமைக்கப்பட்டன என்றால் அதன் பரப்பை ஊகித்துக்கொள்ளலாம். 2023 ஜூலையில் நான்காவது ஓடுபாதை பயன்பாட்டுக்கு வந்தது. கீழே சாலையில் மோட்டார்கள் ஓட, அதன் மேலே மேம்பாலத்தில் விமானம் ஊர்ந்து செல்லும் காட்சியையும் அவ்வாண்டு முதல் காணலாம்.

மூன்றாம் முனையத்தில் வெளிநாட்டிலிருந்து வருவோரின் கண்ணை முதலில் கவர்வன கைகள். குடிவரவுச் சோதனை மேசைகளுக்கு மேலே, செப்புத் தட்டுகள் பதித்த சுவரிலிருந்து முத்திரை பிடித்த பெருங்கைகள் நீண்டிருக்கின்றன. பரதம் பயிலும் நம் வீட்டுப் பெண் குழந்தைகள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பெற்றோரை வரிசையில் நிறுத்தி வைப்பதுண்டு. அவற்றுள் அபய முத்திரையும் ஒன்று. அஞ்சேல் என்று அது சொன்னாலும், அடுத்த விமானத்துக்கு ஒரு மணி நேரமே உள்ளவர்க்கு அச்சம் நீங்குவதில்லை.

மூன்று முனையங்கள்

முதற்கண் அறிய வேண்டியது, இந்நிலையம் ஒரு கட்டடம் அன்று என்பதே. முனையங்கள் மூன்று உள்ளன. இரண்டாம் முனையமும் மூன்றாம் முனையமும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். முதலாம் முனையம் ஓடுபாதைகளுக்கு அப்பால், வேறொரு திசையில், பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே போக நிலையத்தின் பேருந்து உண்டு. வாடகைக் காரும் உண்டு. சாலை நெரிசல் மிகுந்த மாலை வேளையில் அந்தச் சிறு தொலைவே பெருந்தொலைவாகிவிடும். மெட்ரோ ரயிலிலும் இரண்டுக்கும் வெவ்வேறு பாதைகள். 2011இல் தொடங்கிய விமான நிலைய விரைவுப் பாதை மூன்றாம் முனையத்துக்குச் செல்வது. முதலாம் முனையத்துக்குச் செல்வது மெஜந்தா வழித்தடம்.

எந்த விமானம் எந்த முனையம் என்பது நிலையானதும் அன்று. 2024 ஜூன் 28ஆம் நாள் பெருமழையில் முதலாம் முனையத்தின் முகப்புக் கூரையில் ஒரு பகுதி சரிந்து உயிரிழப்பு நேர்ந்தது. அங்கிருந்து புறப்பட வேண்டிய விமானங்கள் மற்ற முனையங்களுக்கு மாற்றப்பட்டன. 2025 ஏப்ரலில் இரண்டாம் முனையம் புதுப்பிக்கும் பணிக்காக மூடப்பட்டு, அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே, சென்ற ஆண்டு வந்த நினைவை நம்பிச் செல்லலாகாது. ஒரே நிறுவனத்தின் இரு விமானங்கள்கூட இரு முனையங்களைச் சேர்ந்தவையாக இருக்கலாம். சீட்டு வாங்கும்போது ஒரு முறையும், புறப்படும் நாளில் ஒரு முறையும் முனையத்தின் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. டில்லி என்று எழுதியிருப்பதெல்லாம் பாலம் அன்று. யமுனைக்கு அப்பால், காசியாபாத் அருகே, ஹிண்டன் விமானப் படைத் தளத்தை ஒட்டி 2019 முதல் பயணிகள் விமானங்களும் இயங்குகின்றன. கிழக்கு டில்லியிலும் நொய்டாவிலும் வாழ்வோர்க்கு அது நல்ல வசதி. ஆனால் ஹிண்டனில் இறங்கிப் பாலத்தில் ஏறலாம் என்று திட்டமிடுவோர், நடுவே ஒரு மாநகரத்தையே கடக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேரக் கணக்கு

சீட்டில் குறித்திருக்கும் இரு நேரங்களுக்கு இடையே இரண்டு மணி நேரம் இருந்தால், நம் கையில் இரண்டு மணி நேரம் இருப்பதாகவே தோன்றும். உண்மையில் அவ்வளவு இராது.

விமானம் தரையைத் தொடும் நேரம் வேறு. கதவு திறக்கும் நேரம் வேறு. தொலைவிலுள்ள ஓடுபாதையில் இறங்கினால், நிற்குமிடம் வரை ஊர்ந்து வரவே கால் மணி நேரமாகலாம். ஏரோபிரிட்ஜ் கிடைக்காத விமானத்திலிருந்து ஏணியில் இறங்கிப் பேருந்து ஏறி வர வேண்டும். பெட்டி ஒப்படைத்திருந்தால், அது சுழல் பட்டையில் வரும்வரை காத்திருக்க வேண்டும். மறு பக்கத்திலும் நேரம் கழிகிறது. உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி ஒப்படைக்கும் மேசையைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவது பொது வழக்கம். விமானத்தில் ஏறும் வாயிலும் புறப்பாட்டுக்கு 20 அல்லது 25 நிமிடங்களுக்கு முன் மூடப்படும். அந்த வாயில் முனையத்தின் கோடியில் இருந்தால், நகரும் நடைபாதைகள் இருந்தும் நெடுந்தொலைவு நடக்க வேண்டும்.

ஆக, இரண்டு மணி நேரம் என்பது பெட்டி உள்ளவர்க்கு அரை மணி நேரமாகச் சுருங்குகிறது. பெட்டி இல்லாதவர்க்கு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் மிஞ்சுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நன்று. அதன் அருமை பின்னர் விளங்கும்.

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை மூடுபனி என்னும் வேறொரு பகையும் உண்டு. காட்சித் தொலைவு 50 மீட்டராகக் குறைந்தாலும் விமானத்தை இறக்க உதவும் கருவிகள் பாலத்தில் உள்ளன. ஆனால் அதற்கேற்ற விமானமும், அதற்கெனப் பயிற்சி பெற்ற விமானியும் வேண்டும். புறப்படுவதற்கோ இன்னும் தெளிவு வேண்டும். ஏறத்தாழ 125 மீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கருவிகள் எல்லா ஊர்களிலும் இல்லை. எனவே டில்லியில் வெயில் அடித்தாலும், நாம் புறப்படும் ஊரில் பனி விலகும்வரை விமானம் அசையாது. லே போன்ற மலை நகரங்களில் பிற்பகலில் காற்று வலுக்கும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போகின்றன. காலை விமானம் தவறினால் பெரும்பாலும் மறுநாள்தான்.

பனிக்காலத்தில் ஊர் செல்வோர், இரண்டு விமானங்களுக்கும் இடையே ஒரே முனையமானால் நான்கு மணி நேரமும், முனையம் மாறுவதானால் ஆறு மணி நேரமும் விட்டு வைப்பது தகும். மற்றக் காலங்களில் முறையே இரண்டரையும் நான்கும் போதும். காத்திருப்பது சலிப்புத்தான். ஆனால் சலிப்பு ஒரு நோயன்று; ஒரு புத்தகத்தால் தீர்ந்துவிடும்.

ஒரு சீட்டா, இரண்டு சீட்டா

இரண்டு விமானங்களுக்கும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் சீட்டு வாங்குவது ஒரு முறை. தனித்தனியே இரண்டு சீட்டுகள் வாங்குவது மற்றொரு முறை. பின்னதில் சில நூறு ரூபாய், சில வேளைகளில் ஆயிரம் இரண்டாயிரம் கூட, மிச்சமாகும். அந்த மிச்சத்துக்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்பதை அறிந்துகொண்டு கொடுக்க வேண்டும்.

ஒரே சீட்டில் சென்றால் பெட்டியைப் புறப்படும் ஊரில் ஒப்படைத்து, சேருமிடத்தில் பெற்றுக்கொள்ளலாம். டில்லியில் வெளியே வர வேண்டியதில்லை. மாறுவோர்க்கான வழியில் சென்று, மறுபடி பாதுகாப்புச் சோதனையை முடித்து, அடுத்த வாயிலுக்குப் போகலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், அடுத்த விமானத்தில் இடம் தேடித் தரும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். இரண்டு சீட்டுகளாயின், இரண்டாவது நிறுவனத்தின் கண்ணுக்கு நாம் நேரத்தில் வராத பயணி, அவ்வளவே. முதல் விமானம் ஏன் பிந்தியது என்பது அவர்கள் கணக்கில் வாராது.

வெளிநாட்டிலிருந்து வந்து உள்நாட்டு விமானம் ஏறுவோர்க்கு இதில் ஒரு விலக்கு உண்டு. சுங்கச் சோதனைக்காகப் பெட்டியை முதலில் இறங்கும் இந்திய நிலையத்திலேயே எடுத்து, மீண்டும் ஒப்படைக்கும்படி பெரும்பாலும் நேரும். மகனையோ மகளையோ பார்த்துவிட்டுத் திரும்பும் பெற்றோர்க்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சேருமிடம் வரை பெட்டி போய்விடும் என்று நம்பி வெறுங்கையோடு நடந்துவிடுவார்கள்.

பால் தெளிப்பு

2023 ஜனவரியில் மூன்றாம் முனையத்தின் மேசை ஒன்றின் முன்னே வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மேசையிலிருந்த பெண்ணிடம் இந்தியில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் இந்தி நம்மவர் இந்தி என்பது கேட்டவுடனே தெரிந்தது. அந்தப் பெண்ணும் கல்நெஞ்சக்காரி அல்லள். இரண்டு முறை தொலைபேசியில் யாரிடமோ கேட்டாள். பிறகு தலையை அசைத்துவிட்டாள். அவர் ஒதுங்கி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, தமிழில் என்னவென்று கேட்டேன்.

"அப்பா தவறிப்போயிட்டார் சார். மேலூர் பக்கம். நான்தான் மூத்தவன். பொழுது சாயிறவரைக்கும் வச்சிருக்கேன்னு சொல்லியிருக்காங்க" என்றார்.

ஜம்மு அருகே பணி. இரவு செய்தி வந்தது. கிடைத்த விமானங்களில் தனித்தனியே இரண்டு சீட்டுகள் வாங்கினார். காலை 10.25க்கு டில்லி, பகல் 12.40க்கு மதுரை. மதுரையில் 4 மணிக்குள் இறங்கினால் 5 மணிக்கு வீட்டு வாசலில் இருக்கலாம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. ஜம்முவில் பனி. விமானம் 11.35க்குத்தான் டில்லியில் நின்றது. பெட்டி பட்டையில் வந்தபோது மணி 12. மதுரை விமானத்தின் மேசை 11.40க்கே மூடப்பட்டுவிட்டது.

அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டேன். நான்கு மாற்று வேட்டி சட்டையும், ஒரு போர்வையும் இருந்தன என்றார். அவை இல்லாமல் வந்திருந்தால், கைப்பேசியிலேயே பெற்ற அனுமதிச் சீட்டோடு அவர் நேரே பாதுகாப்புச் சோதனைக்குப் போயிருப்பார், 12.15க்கு மூடும் வாயிலை எட்டியிருப்பார். மேலூரில் வேட்டிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நள்ளிரவில் தந்தையின் சாவைக் கேட்டுப் புறப்படுகிறவனுக்கு யார் இதைச் சொல்வார்கள்?

மாலை விமானத்தில் சென்னைக்கு ஓர் இடம் கிடைத்தது. அங்கிருந்து இரவுப் பேருந்து. புறப்படும்முன் ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். "தம்பியையே வைக்கச் சொல்லுங்க சித்தப்பா. காக்க வைக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் பால் தெளிப்புக்குத்தான் அவர் போய்ச் சேர்ந்தார் என்று பின்னர் அறிந்தேன்.

இதில் எவரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பனிக்கு மனிதன் என்ன செய்வான்? விதியை அந்தப் பெண் வகுக்கவில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம். சாவுக்குப் போகிறவர் பெட்டி கொண்டு போக வேண்டாம். கைப்பையில் ஒரு வேட்டி போதும். அந்த வேளையில் சீட்டு வாங்கித் தரும் நண்பரோ, சங்கத்து அன்பரோ அருகில் இருந்தால், ஒரே சீட்டாக வாங்கித் தரட்டும். பெட்டியைத் தம் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். துக்கம் கேட்கப் போகும் நாம் செய்யத்தக்க உதவிகளுள் இதுவும் ஒன்று.

இருக்கை

இருக்கையைத் தேர்வது வெறும் வசதிக்காக மட்டும் அன்று. விமானம் மாறுவோர்க்கு அது நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

உள்நாட்டில் மிகுதியாகப் பறக்கும் ஏர்பஸ் 320 வகை விமானத்தில் நடைவழிக்கு இருபுறமும் மும்மூன்று இருக்கைகள். முன்னோக்கி அமர்ந்தால் இடக்கோடி ஏ, வலக்கோடி எஃப். நடைவழியை ஒட்டியவை சி, டி. ஏரோபிரிட்ஜ் இணைந்தால் முன் கதவு வழியாகவே அனைவரும் இறங்குவர். முதல் சில வரிசைகளில் இருப்பவர் கால் மணி நேரம் முந்திக்கொள்வர். ஏணி வைத்தால் பெரும்பாலும் முன்னும் பின்னும் இறக்குவர். அப்போது கடை வரிசையும் நல்ல வரிசையே. நடுவில் இருப்பவர்தாம் எப்போதும் பின்தங்குவர்.

சிறிய ஊர்களுக்குச் செல்லும் ஏ.டி.ஆர். 72 என்னும் விசிறி விமானத்தில் இது தலைகீழ். அதில் முன்புறம் சாமான்களுக்கு உரியது. பயணிகளின் கதவு பின்புறம். நடைவழிக்கு இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள். சென்னையில் மாறித் தூத்துக்குடிக்குச் செல்வோரும் திரும்புவோரும் இதை நினைவில் கொள்ளலாம். முன் இருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுத்தவர் அதில் கடைசியாக இறங்குவார்.

நடுவே உள்ள அவசர வழி வரிசையில் கால் நீட்ட இடம் உண்டு. ஆனால் குழந்தைகளையும், முதியோரையும், கருவுற்ற மகளிரையும், பிறர் உதவி வேண்டுவோரையும் அங்கே அமர்த்த மாட்டார்கள்; ஆபத்தில் கதவைத் திறக்கும் கடமை அங்கிருப்பவர்க்கு உண்டு. அதற்கு முன் வரிசையின் சாய்மானம் பெரும்பாலும் சாயாது. முதுகுவலிக்காரர் அதைத் தவிர்க்க.

குடும்பத்தோடு செல்வோர்க்கு உள்ள பெருங்குறை, ஆளுக்கொரு மூலையில் இடம் விழுவது. பணம் கொடுத்து இடம் குறிக்காதவர்க்கு மீந்த இருக்கைகளை இயந்திரம் பகிர்ந்து தருகிறது. ஒரு முறை, என் வரிசையில் ஒரு சிறுவன் தனியே அமர்ந்து, ஒன்பது வரிசை பின்னே இருந்த தாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஓர் இளைஞர் எழுந்து இடம் மாற்றிக் கொடுத்தார்; தாய்க்கு உயிர் வந்தது. இத்தகைய முறையீடுகள் பெருகியதால், 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் ஓர் ஆணை பிறப்பித்தது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, ஒரே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோருள் அல்லது காப்பாளருள் ஒருவர் அருகிலேனும் இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம். இதைப் பெறுவதற்கும் ஒரே சீட்டு வேண்டும் என்பதைக் கவனிக்க. அப்பாவின் சீட்டை அலுவலகம் ஓரிடத்தில் வாங்க, அம்மாவும் குழந்தைகளும் வேறிடத்தில் வாங்கினால், இயந்திரத்துக்கு அவர்கள் அயலார்.

முதியோர்க்கு இந்த ஆணை உதவாது. எனவே பாட்டி தாத்தாவோடு செல்வோர், பெரும்பாலான நிறுவனங்களில் 48 மணி நேரம் முன்பே திறக்கும் இணையவழிப் பதிவைத் திறந்தவுடனே செய்துவிட வேண்டும். முதியவர்க்கு நடைவழி இருக்கை நலம். எழுந்து போகப் பிறரை வேண்ட வேண்டியதில்லை.

சன்னலோரம் விரும்புவோர்க்கும் ஒரு சொல். காலையில் தெற்கே பறக்கையில் வெயில் இடப்பக்கம்; மாலையில் வலப்பக்கம். டில்லியிலிருந்து சென்னைக்கு நேர்கோடு இழுத்தால், நருமதையும் கோதாவரியும் கிருஷ்ணையும் குறுக்கே வரும். தெளிந்த நாளில் குழந்தைகளுக்கு அவற்றைக் காட்டலாம். கௌஹாத்தியிலிருந்து டில்லிக்கு வருவோர் வலச் சன்னலைப் பிடித்தால், வானம் தெளிந்த நாளில் பனிமலைத் தொடர் நெடுநேரம் உடன் வருவதைக் காணலாம். அந்தக் காட்சிக்காக ஒரு மணி நேரம் தாமதத்தையும் பொறுக்கலாம்.

உரிமையும் உதவியும்

நம் உரிமைகளைப் பற்றியும் சிறிது. நேரத்தில் வந்து பதிவு செய்தும், இருக்கைகளுக்கு மேல் சீட்டு விற்றதால் இடம் மறுக்கப்பட்டால், ஒரு மணி நேரத்துக்குள் புறப்படும் வேறு விமானத்தில் நிறுவனம் அனுப்ப வேண்டும். அவ்வாறு அனுப்பாவிடின் இழப்பீடு உண்டு. 24 மணி நேரத்துக்குள் வேறு விமானம் தந்தால், ஒருவழி அடிப்படைக் கட்டணத்தோடு எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் இரு மடங்கு, 10,000 ரூபாய் வரை. அதற்கும் பிந்தினால் நான்கு மடங்கு, 20,000 ரூபாய் வரை. நீண்ட தாமதத்தில் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் மாற்று விமானமோ, பணத்தைத் திரும்பப் பெறுதலோ நம் விருப்பம். ஆனால் தனிச் சீட்டுக்காரர் தாமே பிந்தி வந்து விமானத்தைத் தவறவிடுவது, இடம் மறுத்தல் ஆகாது. மேலூர் அன்பர்க்கு இந்த விதிகளால் பயன் இல்லாமற்போனது அதனாலேதான்.

சக்கர நாற்காலி வேண்டுவோர் 48 மணி நேரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். தனியே வரும் தாய்க்கு அது நடக்க மட்டும் உதவுவதன்று. இந்தியும் ஆங்கிலமும் அறியாதவரை ஒரு வாயிலிலிருந்து மற்றொரு வாயிலுக்கு ஓர் ஆள் கைப்பிடித்துக் கொண்டு சேர்க்கிறார் என்பதே பெரிய ஆறுதல். விமானத்தின் எண்ணையும், மகனின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அவர் கைப்பையில் வைத்தல் நலம். முன்போல ஒலிபெருக்கியில் ஊர் பெயரைக் கூவி அழைப்பது பெரிய நிலையங்களில் குறைந்துவிட்டது. பலகையைப் படித்துத்தான் வாயில் மாறியதை அறிய வேண்டும்.

2022 டிசம்பரில் பாலத்தில் தொடங்கிய டிஜியாத்ரா ஏற்பாட்டில், முகத்தையே அடையாளமாகக் கொண்டு வாயில் திறக்கிறது. பதிந்து வைத்தவர்க்கு நுழைவு வரிசை குறுகும். ஆயினும் பாதுகாப்புச் சோதனை எல்லார்க்கும் பொது. அங்கே நம்மவர் நேரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சமையலறைதான். தேங்காய்த் துருவியும், அரிவாள்மணையும், காய் நறுக்கும் கத்தியும் கைப்பையில் இருந்தால் விட மாட்டார்கள். ஊறுகாய்க்கும் எண்ணெய்க்கும் ஒப்படைக்கும் பெட்டியே இடம். அதற்கு மாறாக, பவர் பாங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் வைத்தால் திறந்து எடுக்கச் சொல்வார்கள். மருந்துகள் எப்போதும் கையோடு. பெட்டி பிந்தி வரலாம். இரத்த அழுத்த மாத்திரை பிந்தலாகாது.

வடக்கே பிழைக்க வந்த நாம் ஊரோடு கொண்ட தொடர்பு, இவ்வாறு சில நிமிடங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தொலைவைக் குறைத்தது விமானம். ஆனால் முன்பு இரண்டு நாள் என்று ஊரார் காத்திருந்த நமக்கு, இன்று மாலைவரை என்று வேளை குறிக்கிறார்கள். விரைந்து போக முடியும் என்று ஆனபின், விரைந்து வர வேண்டும் என்பது கடமையாகிவிட்டது. அந்தக் கடமையில் தவறாதிருக்கச் சிறிது முன்யோசனை வேண்டும்: ஒரே சீட்டு, இலேசான பை, போதிய இடைவேளை, முனையத்தின் எண்.

தை பிறக்கப் போகிறது. பலரும் பொங்கலுக்குப் புறப்படும் காலமும், பாலத்தில் பனி இறங்கும் காலமும் ஒன்றே. முதல் விமானத்தைக் காலையிலேயே பிடியுங்கள். அடுத்ததை மாலைக்கு வையுங்கள். இடையே கிடைக்கும் நேரத்தில், தனியே விழித்து நிற்கும் ஒரு தமிழ் மூதாட்டியைக் கண்டால், "எந்த ஊருக்கம்மா போகணும்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருடைய வாயில் எண்ணைப் பலகையில் பார்த்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.